நுனி இடப்பக்கம்

பக்தவத்சலத்தை ஒருமுறை தலைவாழை இலையில் பரிமாறியிருக்கிறார்கள்.

அவருக்குப் பரிமாறவில்லை, அவரையே பரிமாறினார்கள். முழு ஆளை, தலை முதல் கால் வரை, பதினாறு இலைகளை விரித்து, ஆவி பறக்க. அன்றைக்குப் புனே மார்க்கெட் யார்டில் வாழை இலை அடியோடு தீர்ந்துபோய், மூன்று கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் காகிதத் தட்டில் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் அவர் தன் தோலைப் பாம்பு சட்டை கழற்றுகிற மாதிரி கழற்றிக் கொடுத்திருந்தார். மடித்து வைத்திருந்தால் ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்திருக்கும். இப்போது அவர் போட்டிருப்பது புதுத் தோல். அவருக்கு வயது அறுபத்தொன்பது, தோலுக்கு ஆறு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய தோல்.

இந்தக் கதையைக் கேட்காதவர் புனேயின் கோர்படிப் பகுதியில் யாராவது இருந்தால் அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். பக்தவத்சலம் ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பத்தாறு வருஷம் எஞ்சின்களின் வயிற்றுக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். பால் வாங்கும்போது சொல்வார், கொத்தமல்லி பேரம் பேசும்போது சொல்வார், ரயில்வே கேட் மூடியிருந்தால் பக்கத்து ஸ்கூட்டர்காரரிடம் சொல்வார். கேட் திறப்பதற்குள் தோல் உரிந்து, வளர்ந்து, வீடு திரும்பியாகிவிடும். "க்யா பாத் ஹை, அங்கிள்!" என்று அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு இரண்டு இலை கூடும். கதை நான்கு இலையில் தொடங்கியது என்பது மனைவி சியாமளாவுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். கதை ஆரம்பித்தால் போதும், அடுப்படியில் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

முகத்துக்கு நேரே மறுத்தவர் ஒருவர்தான். தம்பி வாசுதேவன்.

வாசுதேவன் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். முப்பது வருஷம் நட்டையும் போல்ட்டையும் அளந்து, மயிரிழை கூடினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிய கை. அண்ணனின் கதைக்கும் அதே சீட்டுதான்.

"அண்ணா, உனக்கு வந்தது அம்மை. அண்ணியே போன்ல சொன்னாங்க. அம்மை வந்தா தோல் உரியத்தான் உரியும். அதை நீ பாம்பாக்கி, பாம்பை ரயிலாக்கி ஓட்டிக்கினு இருக்கே."

"டேய், அது அம்மை இல்லடா. மாத்திரை. கால் வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை என் உடம்புக்கு ஒத்துக்காம..."

"மாத்திரை சாப்பிட்டா நோய் போகும். தோலா போகும்? சரி, யார் பார்த்தா?"

அங்கேதான் கதை மாட்டிக்கொள்ளும். யாரும் பார்க்கவில்லை. அரக்கோணத்திலிருந்து அவர்களோடு வந்த வழக்கம், அம்மை போட்ட வீட்டுக்கு ஒருத்தரும் போகக்கூடாது. முப்பது கிலோமீட்டரில் இருந்த தம்பியும் வரவில்லை. மூன்றாம் தண்ணீர் விட்டிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி அவர் இளநீரோடு வந்தபோது, அண்ணன் திட்டுத்திட்டான புதுத் தோலோடு நாற்காலியில் உட்கார்ந்து ரவைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். யூரிக் ஆசிட் கூடிவிட்டது என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவின எரிச்சல், வாயெல்லாம் புண். மறுநாள் மார்பில் சிவந்த தடிப்பு. சியாமளா பார்த்தாள், வாசலில் வேப்பிலை கட்டினாள், அம்மைக்கு மருந்து ஆகாது என்று மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்தாள். இரண்டு நாள் கழித்து வேர்வையைத் துடைக்கப் போனால், துண்டோடு தோல் வந்தது. அதற்கப்புறம் ஆம்புலன்ஸ்.

மற்றதெல்லாம் கனவு மாதிரி. கண் இமைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மருந்துக்குழம்பு பூசிய இருட்டுக்குள் பக்தவத்சலம் படுத்திருந்தார். உடம்பு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. துணி பட்டால் ஒட்டிக்கொண்டு பிய்க்கிறது என்று, ஆவியில் வைத்துச் சுத்தம் செய்த வாழை இலையைப் படுக்கையில் குறுக்கே விரித்து அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். இலை வழுக்கியது; குளிர்ந்தது. அந்த வாசனை ஏறியதுதான் தாமதம், அவர் சோறாகிவிட்டார். வெள்ளை வெளேரென்று வடித்த சோறு. இலை அகலமாகிக்கொண்டே போய்ப் பிளாட்பாரம் ஆனது. பிளாட்பாரம் நீண்டு அரக்கோணம் ஜங்ஷன் ஆனது. ஒரு பக்கம் புனேயின் முளா ஆறு சத்தமில்லாமல் ரசமாக ஓடிற்று. வானத்தில் பொரியல் நிறத்தில் மேகம்.

அப்போது பந்திக்கு ஆட்கள் வந்தார்கள். வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் ஆள் அப்பா. அப்பா செத்து இருபத்திரண்டு வருஷம். சட்டையில்லாமல், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பளம் எங்கடா?"

அவருக்குப் பின்னால் பெரியப்பா, சித்தப்பா, எஞ்சின் டிரைவர் மாமா. யாரும் உயிரோடு இல்லை. எல்லாருக்கும் நல்ல பசி. பக்தவத்சலத்துக்குச் சந்தேகம் வந்தது. இவர்களெல்லாம் ஏன் இந்தப் பந்திக்கு வருகிறார்கள்? கையால் தடவினார். இலையின் அகன்ற பக்கம் இடக்கையில் பட்டது. நுனி வலப்பக்கம்! மாற்றிப் போட்ட இலை. அது வேறு சாப்பாட்டுக்கு, செத்தவர்களுக்குப் படைக்கப் போடுகிற இலை.

"நுனி! நுனி!" என்று கத்தினார். வாயெல்லாம் புண், வந்தது காற்றுதான். நர்சுகளுக்கு மராத்தி தெரியும், மலையாளம் தெரியும், இது தெரியவில்லை. கடைசியில் வார்டு ஆயா பவுன் வந்தாள். அவளுடைய தாத்தா காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கன்டோன்மென்ட்டுக்கு வந்த குடும்பம். தமிழ் பாதி, மராத்தி பாதி.

"காய் ஜாலா காகா? ஏன் கத்தறே?... நுனியா?" குனிந்து பார்த்தாள். "அய்யோ தேவா! சோத்தாங்கைப் பக்கம் போட்டுட்டாங்க!"

நாலு பேரைக் கூப்பிட்டு, மெதுவாகத் தூக்கி, இலையைத் திருப்பிப் போட்டாள். நுனி இடப்பக்கம் வந்தது. அப்பா பெருமூச்சு விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பந்தியே எழுந்து, சாப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு வரிசையாகப் போய்விட்டது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ பவுன் அவர் காதருகே வந்து, "காகா, நவீ சால் வந்திருச்சு!" என்றாள். சால் என்றால் வருஷம் என்று ரயில்வே இந்தியில் படித்தவர் அவர். ஜூன் மாதத்தில் "ஹேப்பி நியூ இயர்" என்றார், புண்வாயோடு. அவள் சொன்ன சால் மராத்திச் சால், நவீ சால் என்றால் புதுத் தோல் என்று அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்தும் அவர் விடவில்லை. அன்றிலிருந்துதான் தோலுக்குத் தனி வயது.

வாசுதேவன் எல்லாவற்றையும்விட அந்த அப்பளத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அங்கேயே உன் பொய் மாட்டிக்கிச்சு. அப்பாவுக்குக் கடைசி பதினைஞ்சு வருஷம் ஒரு பல்லு கிடையாது. ரசத்துல ஊறப் போட்டாக்கூட அப்பளம் வேணாம்பாரு. அவரு வந்து அப்பளம் கேட்டாராம்!"

இதைக் கேட்டால் பக்தவத்சலம் பேச்சை இலைக் கணக்குக்குத் திருப்பிவிடுவார்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வாசுதேவன் வந்தார். அவர் மனைவி வைஜயந்தி கனடாவில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்ததால் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி சமையல்தான். அண்ணன் உற்சாகமாக இருந்தார். முந்தின நாள்தான் இலைக் கணக்கைப் பதினெட்டாக உயர்த்தியிருந்தார்.

ஆனால் அன்று தம்பி மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். ரசத்தை வாயில் வைத்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்தார்.

"காரமாடா?"

"இல்லண்ணா. வாயில புண்ணு. சூடு போல இருக்கு. கண்ணு வேற எரியுது, ரோட்டுல ஒரே தூசி."

பக்தவத்சலம் தம்பியைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். நெற்றியைத் தொட்டார்; கொதித்தது. அவருடைய கை தானாகப் பின்வாங்கியது.

"வாசு, புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"

"கட்டை விரல் வீங்கிச்சேன்னு டாக்டர் ஒண்ணு குடுத்தாரு. மூணு வாரமா. ஏன்?"

"எங்கே, காட்டு."

வாசுதேவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். பக்தவத்சலம் தன் சட்டைப் பையிலிருந்து, ஆறு வருஷமாக மூத்த குடிமக்கள் பஸ் பாஸுக்குப் பின்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிட்ட சீட்டை எடுத்தார். ஆஸ்பத்திரியில் தீப்தி டாக்டர் எழுதிக் கொடுத்தது. சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு மருந்தின் பெயர்: அலோபியூரினால். 'வாழ்நாளில் மீண்டும் கூடாது. கூடப் பிறந்தவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்' என்று கீழே. கதையெல்லாம் சொன்னவர் இந்த ஒரு வரியைத் தம்பியிடம் சொல்லியிருக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரே பெயர்.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

வாசுதேவன் சிரித்தார். உதடு வலித்ததால் பாதியில் நிறுத்தினார். "ஆரம்பிச்சிட்டியா? எனக்கும் பதினாறு இலையா?"

பக்தவத்சலம் வாயைத் திறந்தார். பாம்பு, டிரங்குப் பெட்டி, மூன்று கல்யாணம் எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவற்றை அப்படியே விழுங்கினார்.

"நாலு இலை," என்றார். "நாலுதான்டா. டிரங்குப் பெட்டியெல்லாம் கிடையாது. முதுகும் மார்பும் ஒரு துடையும் போச்சு. இருபத்தாறு நாள் படுத்திருந்தேன். முதல் நாலு நாள் பிழைக்கமாட்டேன்னே சொன்னாங்க. எனக்கு முதல்ல வந்தது இதேதான். கண் எரிச்சல், வாய்ப்புண், காய்ச்சல். மறுநாள்தான் மேல தடிச்சிச்சு."

இவ்வளவு சின்னக் குரலில் அண்ணன் பேசி வாசுதேவன் கேட்டதில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"புதுசா என்னமோ டெக்னிக் பண்றே," என்றார். "எனக்கும் அம்மைதான் வருதோ என்னமோ. அண்ணி, வீட்ல வேப்பிலை இருக்கா?"

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. சியாமளா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அம்மை இல்ல, வாசு. அவருக்கு வந்தது அம்மையே இல்ல."

"நீங்கதானே அண்ணி போன்ல..."

"நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. அப்புறமும் உங்க யார்கிட்டயும் மாத்திச் சொல்லல." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எட்டாங்கிளாசுக்கு இருபத்தெட்டு வருஷம் தோல் பாடம் நடத்தினவ நான். மேல் தோல், கீழ் தோல்னு போர்டுல படம் போட்டவ. வீட்டுக்காரரு தோல் கண்ணு முன்னாடி கழண்டு வருது, நான் வேப்பிலையைக் கட்டிட்டு ரெண்டு நாள் விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? அவரு அளந்து விட்டாரு. ஜனங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அதுக்குள்ள என் தப்பு மூடிக்கும்னு விட்டுட்டேன்."

பக்தவத்சலம் மனைவியைப் பார்த்தார். ஆறு வருஷம் ஊர் முழுக்கப் பேசிய அவருக்கு, இந்த வீட்டில் ஒருத்தி பேசாமல் இருந்ததன் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாத்திரையை நிறுத்தினது நீதானே, சியாமா," என்றார். "அதாலதான் நான் பிழைச்சேன்னு தீப்தி டாக்டர் சொல்லலையா?"

"அதையும் சொன்னா. மருந்தை நிறுத்தினது சரி, உங்களை ரெண்டு நாள் வீட்லயே வெச்சுக்கிட்டது தப்புன்னு அடுத்த வார்த்தையும் சொன்னா." சியாமளா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "வாசு, சட்டையை அவுரு."

அண்ணி சொன்னால் மறுப்பில்லை. வாசுதேவன் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே, காசு காசாகச் சிவப்பு. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அளவுகோலை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற முகம்.

"போலாம்," என்றார் கடைசியில். "ஆனா அங்க போயி ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கன்னா, அண்ணா, நீ ஒரு வருஷம் அந்தக் கதைக்கு வாயைத் திறக்கக்கூடாது."

"ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் ஆயுசுக்கும் திறக்கல."

ரிக்ஷாவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றும் இல்லை என்று ஆக வேண்டும், ஆயுசுக்கும் ஊமையாக இருந்துவிடுகிறேன் என்று வழியில் இருந்த ஒவ்வொரு கணபதிக்கும் பக்தவத்சலம் வாக்குக் கொடுத்தார். புனேயில் முக்குக்கு முக்கு கணபதி. நாற்பது வாக்காவது இருக்கும்.

ஒரு கணபதியும் காது கொடுக்கவில்லை. அட்டையையும் சிவப்பு எழுத்துச் சீட்டையும் பார்த்த மாத்திரத்தில் படுக்கை போட்டார்கள். அந்த மாத்திரை அந்த நிமிஷமே நின்றது. "ரொம்ப சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க, அங்கிள்," என்றாள் தீப்தி டாக்டர். ஆனாலும் உடம்புக்குள் போனது போனதுதான். அடுத்த மூன்று நாள் அது தன் வேலையைக் காட்டியது. முதுகில் தோல் வழன்றது. கண்கள் மூடிக்கொண்டன. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பக்தவத்சலம் காலையிலிருந்து மாலைவரை நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் "உங்களுக்கு யாரு?" என்று கேட்டால் "தம்பி" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே தம்பி படுத்திருந்த விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கே தன் முதுகில் அந்தக் குளிர்ச்சி ஏறியது. ஜன்னல், வராந்தா, வேப்பமரத்து வெயில் எல்லாம் ரசத்தில் மிதப்பதுபோல மெல்ல ஆடின. யாரோ பந்திக்கு வருகிற காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

ஆறாம் நாள் காலை, இரண்டு நாளாகப் புதுக் கொப்புளம் இல்லை என்று சொல்லி, நீலக் கவுனும் முகமூடியும் மாட்டி ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். வாசலில் தலை முழுக்க நரைத்த ஓர் ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அரே! நுனி காகா!"

"பவுனு!"

"உன் பாவு, தம்பிதானா இவரு? உன்ன மாதிரியே கத்தறாரு. முந்தாநாளு ஒரே நுனி, நுனி. இந்தப் புது பசங்களுக்கு எத்தனை வாட்டி சொல்றது? நான் வந்துதான் திருப்பிப் போட்டேன்."

பக்தவத்சலம் கட்டிலருகே போனார். தம்பியின் கண்களில் மருந்துக்குழம்பு. உதட்டில் காய்ந்த பொருக்கு. முதுகுக்குக் கீழே மங்கிய பச்சையில் இலை. நுனி இடப்பக்கம்.

"யாரு?" என்றார் வாசுதேவன். குரல் காய்ந்த சருகு.

"நான்தான்."

"எத்தனை இலைண்ணா?"

பதினெட்டு என்று சொல்ல நாக்கு துடித்தது. "ரெண்டு."

"பொய் சொல்றே. இருபதாவது இருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் அரக்கோணம் வரைக்கும் போயிட்டு வந்தேன். எவ்ளோ பெரிய இலை!"

தம்பியின் கையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பக்தவத்சலம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா வந்தாருண்ணா. மடியில துண்டு. பெரியப்பா, சித்தப்பா எல்லாம் பின்னாடி. எனக்கு நேரா உட்கார்ந்து, அப்பளம் எங்கடான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"உங்களுக்குத்தான் பல்லு இல்லையே, எதுக்கு அப்பளம்னு கேட்டேன்."

"அதுக்கு?"

வாசுதேவனின் உதடு மெல்ல இழுபட்டது. வலிக்காத அளவுக்குத்தான் சிரிக்க முடிந்தது.

"வாயைத் திறந்து காட்டினாருண்ணா. முப்பத்திரண்டும் இருந்துச்சு. நானே ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியல. நீ சொன்னது அத்தனையும் நடந்ததுதான்."